பத்துப் பேருக்குக் குறைந்தால் பாதுகாப்பு கிடையாதா?

கட்டுமானத் தொழிலாளர்களும் புதிய சட்டத் தொகுப்பும்: திருவனந்தபுரம் எழுப்பும் கேள்விகள்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: திருவனந்தபுரம் நகரின் தெற்கே, விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஊர் முக்கோலா. 2023-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, அங்கு ஒரு வீட்டுக் கிணற்றில் கான்கிரீட் உறைகளைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்த தமிழகத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் மீது மண் சரிந்து விழுந்தது. கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 90 அடி. தீயணைப்புப் படையினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், போலீஸார், கிணறு வெட்டுவதில் கைதேர்ந்த உள்ளூர்த் தொழிலாளர்கள் என அனைவரும் இரவு பகலாகப் போராடினர். ஒருபுறம் ஊற்று நீர், மறுபுறம் தொடர்ந்து சரியும் மண். மூன்றாம் நாளான ஜூலை 10-ஆம் தேதி அவரது உடலைத்தான் மேலே கொண்டுவர முடிந்தது.

மீட்புப் பணியில் ஈடுபட்டவர்களின் துணிவை கேரள மக்கள் பாராட்டினர். அது நியாயமே. ஆனால் அந்த மூன்று நாள்களில் அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. 90 அடி ஆழத்துக்கு ஒரு மனிதரை இறக்குவதற்கு முன்பு அந்த இடத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு சட்டப்படி யாருக்கு இருந்தது என்பதே அது.

யாருக்கும் இல்லை என்பதே இதற்கான விடை. கிணற்று வேலைக்கு நான்கைந்து பேருக்கு மேல் தேவைப்படுவதில்லை. கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக 1996-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத் தொகுப்பிலும் அதே பத்து என்ற எண்ணிக்கை நீடிக்கிறது.

எல்லை கடக்கும் உழைப்பு

கேரளக் கட்டுமானத் துறைக்கும் தமிழகத் தொழிலாளர்களுக்கும் உள்ள உறவு நெடியது. வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணத்தால் 1970-களின் பிற்பகுதியில் கேரளத்தில் வீடுகள் பெருகத் தொடங்கியபோது, உள்ளூர்க் கொத்தனார்களும் தச்சர்களும் அதே வளைகுடாவுக்கு விமானம் ஏறிக் கொண்டிருந்தனர். அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் தமிழர்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும், பிற மாவட்டங்களிலிருந்து கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். 1990-களின் இறுதி வரை கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளி என்றாலே தமிழர் என்றுதான் பொருள்.

பின்னர் நிலைமை மாறியது. மேற்கு வங்கம், அஸ்ஸாம், ஒடிஸா, பிகார் மாநிலத்தவர் பெருமளவில் வரத் தொடங்கினர். கேரளத்தில் சுமார் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக, திருவனந்தபுரத்தில் உள்ள குலாத்தி நிதி மற்றும் வரிவிதிப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் மதிப்பிட்டது. இவர்களை "அதிதித் தொழிலாளர்கள்", அதாவது விருந்தினர் தொழிலாளர்கள் என்றே கேரள அரசு அழைக்கிறது. ஆயினும் எல்லையோர மாவட்டங்களிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சென்று கிணறு வெட்டுவோர், கல் உடைப்போர், கம்பி கட்டுவோர், சாந்து சுமப்போர் எண்ணிக்கை இன்றும் குறைவல்ல. காலையில் சென்று இரவில் களியக்காவிளை வழியே வீடு திரும்புவோரும் இவர்களில் உண்டு.

ஈர்க்கும் சக்தி கூலி. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கையேட்டின்படி, 2022-23-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் ரூ. 852.50. தமிழகத்தில் ரூ. 500.90. தேசிய சராசரி ரூ. 393.30. கூலியில் நாட்டுக்கே வழிகாட்டும் மாநிலம் கேரளம் என்பதில் ஐயமில்லை. பணியிடப் பாதுகாப்பில் அந்த இடைவெளி இதே அளவுக்குத் தென்படவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

2022 மார்ச் 18-ஆம் தேதி கொச்சியை அடுத்த களமசேரியில், கட்டுமானத்துக்காகத் தோண்டிய குழியில் மண் சரிந்து மேற்கு வங்கத் தொழிலாளர்கள் நால்வர் மாண்டனர். தமிழகமும் இதற்கு விதிவிலக்கல்ல. 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். ஆந்திரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களில் பலர். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது வடமாநிலத் தொழிலாளர்கள் இறந்தனர். கேரளத்தில் தமிழர், தமிழகத்தில் அஸ்ஸாமியர் எனப் பெயர்கள்தாம் மாறுகின்றன. ஊரை விட்டு வந்தவர், மொழி தெரியாதவர், கேள்வி கேட்க முடியாதவர் என்ற அடையாளம் மாறுவதில்லை.

தெற்கிலிருந்து தில்லி சென்ற கோரிக்கை

கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் முதலில் வலுவாக எழுந்தது தென்னகத்தில்தான். எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் 1982-இல் தமிழக சட்டப்பேரவை உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அடிப்படையில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கான நலத் திட்டம் 1994-இல் உருவானது. ஈ.கே. நாயனார் தலைமையிலான கேரள அரசு 1989-இல் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

மத்தியச் சட்டத்துக்கான போராட்டத்துக்குத் தலைமை ஏற்றவர், 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவரும் பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவருமான வி.ஆர். கிருஷ்ணய்யர். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் கோரும் தேசியப் பிரசாரக் குழு அவர் தலைமையில் 1980-களின் நடுவிலிருந்து இயங்கியது. தமிழகக் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தினர் அதன் முதுகெலும்பாக இருந்தனர்.

நரசிம்ம ராவ் ஆட்சியின் இறுதிக் காலத்தில் அவசரச் சட்டமாகப் பிறப்பிக்கப்பட்ட இது, தேவெ கௌட ஆட்சியில் 1996 ஆகஸ்டில் முழுமையான சட்டமானது. அப்போது மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர் தென்காசி தொகுதியின் மக்களவை உறுப்பினர் எம். அருணாசலம். செங்கோட்டைக் கணவாய் வழியே கேரளத்துக்கு வேலைக்குச் செல்வோரின் தொகுதி அது.

சட்டம் வந்ததே தவிர, அதைச் செயல்படுத்த மாநிலங்கள் அவசரம் காட்டவில்லை. விதிகளை வகுக்கவும் நல வாரியங்களை அமைக்கவும் பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் தாமதித்தன. தேசியப் பிரசாரக் குழு 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 மார்ச் 19-ஆம் தேதி நீதிபதிகள் மதன் பி. லோக்குர், தீபக் குப்தா ஆகியோர் அளித்த தீர்ப்பு, நாட்டின் நான்கரைக் கோடிக் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அளிக்கப்பட்டது வெறும் அடையாள நீதியே என்று வேதனை தெரிவித்தது.

அந்த வேதனைக்குக் காரணம் இருந்தது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் "செஸ்" எனப்படும் நலத் தீர்வையாக வசூலிக்கப்படுகிறது. அவ்வகையில் நாடு முழுவதும் ரூ. 37,400 கோடிக்கு மேல் திரட்டப்பட்டிருந்தும், சுமார் ரூ. 9,500 கோடி மட்டுமே தொழிலாளர்களுக்காகச் செலவிடப்பட்டிருந்தது. எஞ்சிய ரூ. 28,000 கோடி முடங்கிக் கிடந்தது. நலநிதியிலிருந்து மடிக்கணினிகளும் சலவை இயந்திரங்களும் வாங்கப்பட்டது இதே வழக்கின் விசாரணையில்தான் அம்பலமானது.

விதிகள் சொல்வது என்ன?

பாதுகாப்புக்கு விதிகள் இல்லை என்று எவரும் கூற முடியாது. 1998-இல் வெளியிடப்பட்ட மத்திய விதிகள் சாரம், ஏணி, பாரந்தூக்கி, மின் இணைப்பு, வெடிவைப்பு, அகழ்வு என ஒவ்வொன்றுக்கும் விரிவான நெறிகளை வகுத்துள்ளன. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் இணைக்கப்படும் பாதுகாப்பு நெறிகள், எந்த மேஸ்திரியும் எளிதில் புரிந்துகொள்ளக் கூடியவை.

ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி ஆழத்துக்கு மேற்பட்ட பள்ளத்தின் பக்கங்களைப் படிப்படியாகச் சரித்து வெட்ட வேண்டும். இடமில்லாவிட்டால் பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்கச் செய்ய வேண்டும். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி தூரத்துக்குள், இவற்றில் எது அதிகமோ அதற்குள், குவிக்கக் கூடாது. மேலிருந்து கீழாகவே வெட்ட வேண்டும். அடிப்பகுதியைக் குடைந்து மேல்மண்ணை விழச் செய்யும் முறை கூடவே கூடாது. தரையிலிருந்து 3.6 மீட்டருக்கு மேற்பட்ட சாரத்துக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரக் கைப்பிடித் தடுப்பு இருக்க வேண்டும்.

இந்த நெறிகளின் அருமை, மண்ணின் எடையை எண்ணிப் பார்த்தால் விளங்கும். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கும் அதிகம். மழைநீர் ஊறினால் இன்னும் கூடும். இடுப்பளவு மண்ணில் புதைந்தவரைக் கூடக் கையைப் பிடித்து இழுத்து மீட்க இயலாது. மார்பை மண் இறுக்கினால் மூச்சை உள்ளிழுக்க முடியாமல் சில நிமிடங்களில் மரணம் நேரும். ஆகவே மண் சரிவில் மீட்புப் படை என்பது பெரும்பாலும் தாமதமான மருந்து. முட்டுக் கொடுத்த பலகைதான் உண்மையான மருந்து.

கேரளத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நாட்டிலேயே கிணறுகள் மிக நெருக்கமாக அமைந்துள்ள மாநிலம் அது. ஏறக்குறைய வீட்டுக்கு வீடு கிணறு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நனையும் மண். மேடும் பள்ளமுமான நிலத்தில் வீடு கட்ட, சரிவை வெட்டிச் சமன் செய்து, பின்புறம் செங்குத்தான மண் சுவரை விட்டுவிடுவது அங்கு வழக்கம். அந்த மண் சுவரின் அடியில் நின்றுதான் அஸ்திவாரமும் தடுப்புச் சுவரும் கட்டப்படுகின்றன.

விதியை மீறினால் தண்டனை என்ன? 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ. 2,000 வரை அபராதம் அல்லது இரண்டும். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலும் ரூ. 100 வரை. கேரளத்தில் ஒரு தொழிலாளியின் மூன்று நாள் கூலியை விடக் குறைவான தொகை, ஒரு ஒப்பந்ததாரருக்கான அதிகபட்ச அபராதமாக 29 ஆண்டுகள் நீடித்தது.

வெளிநடப்பு நாளில் நிறைவேறிய சட்டம்

கேரளத்தைச் சேர்ந்தவரும், வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-இல் வந்தபோது மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவருமான ரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம், 2002-இல் அளித்த அறிக்கையில், சிதறிக் கிடக்கும் தொழிலாளர் சட்டங்களை ஒருங்கிணைக்கப் பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சி என்று கூறித்தான் மோடி அரசு 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றியது. இவற்றுள் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு, கட்டுமானத் தொழிலாளர் சட்டம், வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களைத் தன்னுள் அடக்கிக் கொண்டது.

இதன் முதல் மசோதா 2019 ஜூலையில் அறிமுகமாகி, பர்த்ருஹரி மஹதாப் தலைமையிலான நிலைக் குழுவின் ஆய்வுக்குச் சென்றது. குழுவின் அறிக்கைக்குப் பின் அரசு அதைத் திரும்பப் பெற்று, 2020 செப்டம்பர் 19-ஆம் தேதி புதிய மசோதாவை அறிமுகப்படுத்தியது. செப்டம்பர் 22-இல் மக்களவையும், மறுநாள் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின.

அந்த நாள்களில் அவையின் நிலை நினைவிருக்கலாம். வேளாண் மசோதாக்கள் தொடர்பான அமளியில் மாநிலங்களவை உறுப்பினர்கள் எட்டுப் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். தொழிற்சங்கத் தலைவரும் கேரள முன்னாள் அமைச்சருமான எளமரம் கரீம், அதே மாநிலத்தைச் சேர்ந்த கே.கே. ராகேஷ் ஆகியோரும் அவர்களில் அடக்கம். இதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் உயிர்ப் பாதுகாப்பு தொடர்பான சட்டம், எதிர் வரிசைகள் காலியாக இருந்த நிலையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அரசுக்கு அவசரம். எதிர்க்கட்சிகளுக்குக் கோபம். ஒவ்வொரு பிரிவாக எழுந்து கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க ஆளில்லை.

புதிய தொகுப்பில் வரவேற்கத்தக்க அம்சங்கள் இல்லாமல் இல்லை. கட்டுமானப் பணியிடத்தில் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கும் கட்டாயம், முன்பு 500 தொழிலாளர்கள் இருந்தால்தான் எழும். இப்போது 250 பேர் இருந்தாலே போதும். பாதுகாப்பு விதிகளை மீறுவதற்கான பொது அபராதம் ரூ. 2 லட்சம் முதல் ரூ. 3 லட்சம் வரை. கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். பணி நியமனக் கடிதமும் கட்டாயம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆய்வாளர் என்ற பதவி "ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்" என மாறியுள்ளது. ஆய்வுக்குரிய இடங்களைக் கணினி வழியே தேர்வு செய்யும் முறை புகுத்தப்பட்டுள்ளது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றங்களை, அதிகபட்ச அபராதத்தில் பாதியைச் செலுத்தி முடித்துக் கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான பிரிவுகள், முன்பு ஐந்து பேர் இருந்தாலே பொருந்தின. இப்போது பத்துப் பேர் இருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. மாதம் ரூ. 18,000-க்கு மிகாத ஊதியம் பெறுபவரே "மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளி" என்று தொகுப்பு வரையறுக்கிறது. இத்தொகையை மத்திய அரசு அறிவிக்கை மூலம் உயர்த்தலாம். கேரளத்தின் சராசரிக் கூலியான ரூ. 852.50-ஐ மாதம் 22 நாள் பெற்றாலே ரூ. 18,755 ஆகிவிடுகிறது. நல்ல கூலி வாங்கும் ஒரே காரணத்தால், களியக்காவிளையைக் கடந்து செல்லும் தமிழகத் தொழிலாளி சட்டத்தின் பார்வையில் புலம்பெயர்ந்தவர் அல்லாதவர் ஆகிவிடும் விந்தை இது.

கேரளத்தின் நிலைப்பாடு

நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தவுடன், அப்போது கேரளத் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த வி. சிவன்குட்டி, அவற்றைத் தமது அரசு செயல்படுத்தாது என்று அறிவித்தார். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் இதற்கென மாநாடும் கூட்டப்பட்டது. 2021-இல் அதே அரசு வரைவு விதிகளை வெளியிட்டிருந்ததை எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்டியபோது, மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்று விளக்கம் தரப்பட்டது.

தொழிற்சங்க உரிமைகள் குறித்த கேரளத்தின் அச்சத்துக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. மாநிலம் விதி வகுக்காததால் மத்தியச் சட்டம் இல்லாமல் போய்விடாது. அதே சமயம், தனியார் கட்டுமானப் பணியிடங்களைப் பொறுத்தவரை நடவடிக்கை எடுக்க வேண்டிய அரசு மாநில அரசுதான். விதியும் அதிகாரியும் மாநிலத்திடமிருந்து வராவிட்டால், புதிய தொகுப்பின் ரூ. 5 லட்சம் அபராதமும் ஏட்டளவில் நின்றுவிடும். அரசியல் எதிர்ப்பையும் உயிர்ப் பாதுகாப்பையும் தனித்தனியே கையாள்வதே அறிவுடைமை.

கேரளம் முனைந்தால் முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென நாட்டிலேயே முதலாவதாக 2010-இல் நலத்திட்டம் வகுத்தது அம்மாநிலமே. "ஆவாஸ்" என்ற காப்பீட்டுத் திட்டம் 2017-இல் வந்தது. ஒவ்வொரு கோடையிலும், வெயில் நேரடியாகப் படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் ஆணையர் உத்தரவிடுகிறார். இந்த உத்தரவு, பணியிடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து நிழல் தருவதில்லை. வெயிலுக்குப் பொருந்தும் இந்த நியாயம் மண்சரிவுக்கு மட்டும் ஏன் பொருந்தக் கூடாது?

வசூலுக்குத் தெரியும் வீடு

சிறு பணியிடங்களைக் கண்காணிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அதிகாரிகள் தரப்பில் வழக்கமாகக் கூறப்படுவது உண்டு. வீதிக்கு வீதி வீடு கட்டுகிறார்கள், அத்தனைக்கும் ஆய்வாளரை எங்கே தேடுவது என்பது அவர்களது வாதம். ஆனால் ரூ. 10 லட்சத்துக்கு மேல் செலவிட்டு வீடு கட்டியவர்களுக்கு நலத் தீர்வை கேட்டுத் தாக்கீது அனுப்பும்போது இந்தச் சிரமம் எழுந்ததில்லை. வீடு கட்டி ஆண்டுகள் சில ஆன பின்பும் தாக்கீது தேடி வந்த அனுபவம் கேரளத்தில் பலருக்கும் உண்டு. வசூலுக்குக் கண்ணில் படும் வீடு, பாதுகாப்புக்கு மட்டும் மறைந்து போவது எவ்வாறு?

அந்த வசூலும் இனிச் சுருங்கக்கூடும். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு வரம்பு ரூ. 10 லட்சத்திலிருந்து ரூ. 50 லட்சமாக உயர்ந்துள்ளது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது நிம்மதி. நல வாரியத்துக்கோ வருவாய் இழப்பு. கேரள வாரியம் ஓய்வூதியத்தை மாதக்கணக்கில் நிலுவை வைத்து, முதிய தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராடியது அண்மைய வரலாறு.

விபத்துக்குப் பின் கிடைக்கும் இழப்பீட்டுக்கும் இதே சிக்கல்தான். நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்குப்படி, 40 வயதுத் தொழிலாளி பணியின்போது இறந்தால், கணக்கில் கொள்ளும் மாத ஊதியத்தில் பாதியை 184.17 என்ற காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியில் ஊதிய உச்சவரம்பு ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டதால், இழப்பீடு ரூ. 13,81,275. ஒரு குடும்பம் தலைநிமிர இத்தொகை உதவும். ஆனால் யார் முதலாளி? வீட்டு உரிமையாளர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி தாமும் கூலியாள்தான் என்பார். வேலைக்கு வைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. நாகர்கோவிலிலோ தென்காசியிலோ இருக்கும் மனைவி, வேற்று மொழி பேசும் ஊரில் வழக்காடி அத்தொகையைப் பெறுவது எளிதா?

செய்யக் கூடியவை

பெரிய பணியிடங்களில் நிலைமை ஓரளவு மேம்பட்டிருப்பதை மறுக்க முடியாது. 2009 ஜூலை 12-ஆம் தேதி தில்லி மெட்ரோ பாலம் ஜம்ருத்பூரில் சரிந்து ஆறு பேர் இறந்தபோது, நிர்வாக இயக்குநராக இருந்த கேரளத்தைச் சேர்ந்த இ. ஸ்ரீதரன், தார்மிகப் பொறுப்பேற்று ராஜிநாமா கடிதம் அளித்தார். அது ஏற்கப்படவில்லை. எனினும் உயிரிழப்புக்கு உச்சியில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்ற முன்னுதாரணம் பதிவாயிற்று. அந்தப் பொறுப்புணர்வை, நான்கு பேர் வேலை செய்யும் வீட்டு மனைக்குக் கொண்டு செல்வதே இன்றைய தேவை.

அதற்கு வழி கட்டட அனுமதியில் இருக்கிறது. கேரளத்தில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ நகராட்சி அல்லது ஊராட்சியின் அனுமதி பெற வேண்டும். ஐந்தடிக்கு மேல் தோண்டும் பணி எனில், பக்கங்களைத் தாங்க என்ன ஏற்பாடு, பொறுப்பாளர் யார், எத்தனை தொழிலாளர்கள் என்ற மூன்று விவரங்களை விண்ணப்பத்திலேயே கேட்கலாம். பொறுப்பாளர் பெயர் எழுதப்பட்ட அந்த ஒரு தாள், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரவும் ஆதாரமாகும். பழைய கிணறுகளில் உறை மாற்றும் பணிக்கும் இதை விரிவுபடுத்துவது அவசியம்.

நலநிதியில் சிறு பங்கை விபத்துக்கு முன்னரே செலவிடலாம். இரும்புத் தாங்கிகள், முட்டுப் பலகைகள், இடுப்பு வார்கள், உயிர்காப்புக் கயிறுகள், கிணற்று வாயு அறியும் கருவிகள் ஆகியவற்றை ஒன்றிய அளவில் வைத்திருந்து, குறைந்த வாடகைக்கு மேஸ்திரிகளுக்கு வழங்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கு லட்சங்கள் தரும் வாரியம், ஒரு முட்டுப் பலகைக்குச் சில நூறு ரூபாய் தரத் தயங்கக் கூடாது. தமிழ், ஹிந்தி, வங்காளி, ஒடியா மொழிகளில் பயிற்சியும் எச்சரிக்கைப் பலகைகளும் வேண்டும்.

தமிழகத் தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரியும் சிங்கப்பூரின் அனுபவம் நமக்குப் பாடமாகும். 2004 ஏப்ரல் 20-ஆம் தேதி அங்கு நிக்கல் நெடுஞ்சாலையில் சுரங்க ரயில் பாதைக்கான அகழ்வு சரிந்து நால்வர் இறந்தனர். நான்கே உயிர்கள்தாமே என்று அந்நாடு இருந்துவிடவில்லை. இரண்டே ஆண்டுகளில் புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விபத்து நேர்ந்த பின் தண்டிப்பதோடு நில்லாமல், ஆபத்தை முன்கூட்டியே கணித்துக் களைவது முதலாளியின் கடமையாக்கப்பட்டது. மீறும் ஒப்பந்ததாரர்களுக்குக் குறைப்புள்ளிகள் இடப்பட்டன. அவை வரம்பை எட்டினால் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அமர்த்த முடியாது. 2004-இல் லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 ஆக இருந்த பணியிட மரண விகிதம், 2024-இல் 1.2 ஆகக் குறைந்தது. அங்கே அபராதத் தொகையை விட ஒப்பந்தத்தை இழந்துவிடுவோமோ என்ற அச்சமே அதிகம் வேலை செய்தது. நமது அரசுத் துறைகளும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது கடந்தகால விபத்துகளைக் கணக்கில் கொண்டால், சட்டத் திருத்தமின்றியே பாதி மாற்றம் வந்துவிடும்.

தில்லியின் பங்கு இரண்டு. முதலாவது, பத்துப் பேர் என்ற வரம்பை அகழ்வு, உயரம், வெடிவைப்பு போன்ற அபாயப் பணிகளுக்குத் தளர்த்துவது. ஆபத்தை அளக்க வேண்டியது ஆள் எண்ணிக்கையால் அல்ல, பள்ளத்தின் ஆழத்தால். இரண்டாவது, கட்டுமான விபத்து மரணங்களுக்கெனத் தனிப் பதிவேடு. எண்ணப்படாத மரணத்துக்கு நாடாளுமன்றத்தில் விடை கிடைக்காது. கட்டுமானப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

2023 நவம்பரில் உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் 17 நாள்கள் சிக்கிக் கிடந்தபோது நாடே மூச்சைப் பிடித்துக் கொண்டு காத்திருந்தது. அனைவரும் மீட்கப்பட்டபோது நாடே மகிழ்ந்தது. அந்த அக்கறை உண்மையானது. ஆனால் ஒரு வீட்டுக் கிணற்றில் தனியொருவராக இறங்குபவருக்கு அந்த அக்கறை சட்டமாகச் சென்று சேரவில்லை. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்களவைக்குச் செல்லும் 59 உறுப்பினர்களில் பெரும்பாலோரது தொகுதிகளில் இத்தொழிலாளர்கள் வாக்காளர்களாக இருக்கிறார்கள், அல்லது விருந்தினர்களாக இருக்கிறார்கள். 2020-இல் காலியாக இருந்த வரிசைகளிலிருந்து கேட்கப்படாத அந்தக் கேள்வியை, கட்சி வேறுபாடின்றி இப்போதாவது அவர்கள் எழுப்ப வேண்டும். அடுத்த பருவமழைக்குள் கேரளத்தில் எத்தனையோ கிணறுகளுக்கு உறை இறக்கப்படும். அவற்றுள் இறங்கப் போகிறவர்களுக்கு மேலும் ஒரு குழுவின் அறிக்கைக்காகக் காத்திருக்கும் அவகாசம் இல்லை.